சாவியைத் திருப்பினேன்... 'டிக்'!

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்? சாவியை மறுபடியும் திருப்ப வேண்டும். இத்தனை நாளாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் பதினைந்து தடவை திருப்பினேன். பதினாறாவது தடவை கார் 'டிக்' என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டது.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். வாசலில் நிற்பது அப்பாவின் 2009 மாடல் மாருதி 800. 1983-ல் வந்து, 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன வண்டி. 796 சிசி, மூன்றே சிலிண்டர். என் வகுப்பு நண்பர்கள் இதை 'சோப்பு டப்பா' என்பார்கள். அப்பா எதிரில் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி!

அந்த அப்பாவுக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது கை சரியாக வரவில்லை. பேச்சும் தடுமாறியது. மனதில் இருக்கும் வார்த்தை வாய்க்கு வர நேரம் ஆகும். அவர் "த..." என்று ஆரம்பித்தால் "தண்ணியா?" என்று நாங்களே முடித்து வைப்போம். உதவி என்று நினைத்துத்தான் செய்தோம். கொஞ்ச நாளில் அவர் ஆரம்பிப்பதையே குறைத்துக்கொண்டார்.

ஏழு வாரம் வண்டி நகரவில்லை. "யார் ஓட்டப் போறா, வித்துடலாம்" என்று நானே சொன்னேன், அவர் காதில் விழும்படி. அவர் பதில் சொல்லவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். தில்லை நகரில் டாக்டரிடம் பத்து மணிக்குக் காட்ட வேண்டும். எட்டரைக்கு நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மீதிக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. டிக்... டிக்... அப்புறம் அமைதி.

நான் படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். எனவே மெக்கானிக்கல் படிக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் 'ஆட்டோ சைக்கிள்' தியரியில் இருந்து ஆரம்பித்தான். எனக்கு அப்போது தேவைப்பட்டது வெறும் ஆட்டோ! அம்மாவும் அதையேதான் சொன்னாள். "ஆட்டோவைக் கூப்பிடுடா, நேரமாறது."

அப்போது திண்ணையில் தட்டும் சத்தம். அப்பா இடது கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"போ... தும்."

சாவியை விட்டேன்.

"லை..."

"லைசென்ஸா?" என்றாள் அம்மா. அப்பா முகம் சிவந்துவிட்டது. அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"லைட்டு."

ஹெட்லைட்டைப் போட்டேன். மஞ்சளாக மங்கி எரிந்தது. சாவியைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினார். திருப்பியதும் லைட் சுத்தமாக அணைந்துபோனது. அப்பா தலையாட்டினார், கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி.

அவர் கண்டுபிடித்தது என்ன என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஸ்டார்ட் ஆகாத வண்டி ஊமை இல்லை. பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்லும்.

ஒன்று, சத்தமே இல்லை, டேஷ்போர்டு விளக்கும் இல்லை. பேட்டரி முழுக்க இறங்கிவிட்டது, அல்லது ஒயர் விட்டுப்போயிருக்கிறது.

இரண்டு, 'டிக் டிக்'. ஸ்டார்ட்டருக்குப் போகும் சுவிட்ச் வேலை செய்கிறது, மோட்டாரைச் சுற்றத்தான் கரண்ட் போதவில்லை. (லைட் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்து, ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் ஸ்டார்ட்டர் மேலேயே சந்தேகப்படலாம்.)

மூன்று, 'கர்ர் கர்ர்' என்று நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. அப்போது பேட்டரியை விட்டுவிட்டு பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஹாரன் அடிக்குதே, லைட் எரியுதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டார் முதல் சுற்றுக்கே நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதாவது, ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கிறது என்பதற்காகத் தேரடியில் அன்னதானம் போட முடியாது.

பானெட்டைத் திறந்தேன். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. அப்பா திண்ணையில் இருந்தே எட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "சு... சுடு..." காத்திருந்தோம். "சுடுதண்ணி. ஆப்ப சோடா." அந்த இரண்டாவது வார்த்தைக்கு முழுசாக அரை நிமிஷம் ஆகியிருக்கும். அம்மா உள்ளே போகாமல் நின்று, கேட்டுவிட்டே போனாள்.

முதலில் கழற்ற வேண்டியது மைனஸ். ப்ளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வண்டி பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது மைனஸ் கடைசி. சோடாத் தண்ணீர் ஊற்றியதும் உப்பு நுரைத்துக் கரைந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, இறுக்கி மாட்டினேன்.

சாவியைத் திருப்பினால் 'ங்ங்...' என்று சோம்பலாக அரைச் சுற்று சுற்றி நின்றது. முன்னேற்றம்தான். ஆனால் மணி ஒன்பது இருபது.

"தள்ளு" என்றார் அப்பா.

சித்திரைத் தேர் ஓடும் வீதியில் வண்டி தள்ள ஆளுக்கா பஞ்சம்? எதிர் வீட்டு மாமா, பால்காரர், பூக்கடை அண்ணா, யாரென்றே தெரியாத இரண்டு பக்தர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பா இறங்கிவந்து முன் சீட்டில் உட்கார்ந்தே தீருவேன் என்றார். சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச் முழுக்க அமுக்கல். வண்டி நகர்ந்தது. எப்போது கிளட்ச்சை விடுவது? எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

"இப்போ!"

திக்கவே இல்லை. விட்டேன். ஒரு குலுக்கல், ஒரு இருமல், அப்புறம் அந்த மூன்று சிலிண்டர் சத்தம். பின்னால் யாரோ "ரங்கா ரங்கா" என்றார்கள்.

(ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் இந்த வித்தை பலிக்காது. பேட்டரியில் கொஞ்சமும் உயிர் இல்லையென்றால் எங்கள் வண்டியிலும் பலித்திருக்காது. பெட்ரோல் பம்ப்புக்கும் கரண்ட் வேண்டுமே.)

தில்லை நகரில் அவர்களை இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் நேராக பேட்டரி கடைக்குப் போனேன். சோதித்துப் பார்த்தார்கள். நாலு வயசான பேட்டரி. ஏழு வாரம் சும்மா நின்றதில் தானாகவே வடிந்திருக்கிறது, மிச்சத்தை என் பதினைந்து 'டிக்' குடித்துவிட்டது. புதுசு போட்டாயிற்று.

வண்டியை விற்பது பற்றி இப்போது வீட்டில் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஓட்டுகிறேன், பேட்டரிக்காக. அப்பாவும் கூட வருகிறார். அவர் பேச ஆரம்பித்தால் நான் முடித்து வைப்பதில்லை. சில வாக்கியங்கள் மாம்பழச்சாலையில் ஆரம்பித்து, காவேரிப் பாலம் தாண்டி, சத்திரத்தில்தான் முடிகின்றன. முடியட்டும்.

பி.கு: மெக்கானிக்கல் நண்பன் ரோஷப்பட்டு, ஜம்ப் கேபிளோடு வந்து பாடம் எடுத்துவிட்டுப் போனான். சிவப்பு, செத்த பேட்டரியின் ப்ளஸ்ஸில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸில். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனை செத்த பேட்டரியில் இல்லை, அந்த வண்டி எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரி பக்கத்தில் ஹைட்ரஜன் இருக்கும், பொறி பறக்கக்கூடாது. நோட் பண்ணிக்கோங்க மக்களே!