சைகோனிலிருக்கும் மருமகனுக்கு

கூத்தாநல்லூர்

அன்பு மருமகனுக்கு,

  

ஹோ சி மின் நகரத்தில் டோங் டு தெருப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தொழப் போனதாகவும், அதைக் கட்டியவர்கள் தென்னிந்தியர்கள் என்று அங்கே ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். "நம்ம ஆளுங்க இவ்வளவு தூரம் எதுக்கு மாமா வந்தாங்க?" என்று கேட்டிருக்கிறாய். ஃபோனில் பேசித் தீர்கிற கேள்வியில்லை இது. அதனால் எழுதுகிறேன்.

அவர் சொன்னது சரிதான். 1935-ல் கட்டிய பள்ளி அது. அன்று ஊரின் பெயர் சைகோன். காரைக்காலையும் சைகோனையும் ஆண்டது ஒரே பிரெஞ்சு அரசு. காரைக்கால், புதுச்சேரி ஆட்கள் அங்கே சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். நம் முஸ்லிம்கள் துணி வியாபாரம் செய்தார்கள். நீ இன்று நடக்கிற டோங் கோய் தெருவில் அவர்களுக்குக் கடைகள் இருந்தன. கூத்தாநல்லூர்க்காரர்களும் அவர்களில் உண்டு.

சுற்றிலும் நெல் விளைகிற ஊரை விட்டு ஏன் போக வேண்டும்? வெண்ணாறு பாய்ந்தாலும், அது பாயும் வயலில் பெரும்பகுதி மிராசுதாருக்கும் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமாக இருந்தது. நிலமில்லாதவனுக்கு வியாபாரம், வியாபாரத்துக்குக் கடல். நாகப்பட்டினம் பக்கத்திலேயே இருந்தது. 1786-ல் ஆங்கிலேயர் பினாங்கைப் பிடித்ததும் நம் கடற்கரைக்காரர்கள் அங்கே கடை போட்டார்கள். நாகூர் ஆண்டவர் பெயரில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்கா எழுப்பினார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருப்பது 1830 வாக்கில் கட்டி முடிந்தது. அவர்கள் போட்ட தடத்தில்தான் நம் ஊரார் பின்னால் போனார்கள்.

என் அத்தா மலாயாவுக்குப் போனது ரஜுலா கப்பலில். 1926-ல் கட்டிய கப்பல். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போகும். நாகப்பட்டினத்தில் கரைக்கு வராது. கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். டெக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்குத் திறந்த தளத்தில் பாய் விரிக்கிற இடம்தான். ஒன்றை நீ மறக்கக் கூடாது. அதே நாகப்பட்டினத்திலிருந்து, ஆள்பிடிக்கும் கங்காணிகள் நம் வயல்களில் உழைத்த கூலி மக்களையும் ரப்பர் தோட்டங்களுக்கு ஏற்றிப் போனார்கள். 1938-ல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. நாம் கடைக்குப் போனோம், அவர்கள் பால்மரக் காட்டுக்குப் போனார்கள். கடல் ஒன்றாக இருந்தாலும் இரண்டு பயணமும் ஒன்றல்ல.

சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், போகிறவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கே கடையைப் பார்ப்பார்கள், பிறகு ஊர் வந்து சில மாதம் இருப்பார்கள். அந்த மாதங்களில் கடையைக் கூட்டாளி பார்ப்பார். இந்த முறை தடையில்லாமல் நடந்த காலத்தில் எழும்பியவைதான் நம் தெருவின் மாடி வீடுகள். அவற்றைப் பார்த்துத்தான் நம் ஊரை 'சின்ன சிங்கப்பூர்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. அந்த மாடிகளுக்கு வீட்டுப் பெண்கள் கொடுத்த விலை அதில் இல்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. கப்பல் நின்றது, மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. மூன்றரை ஆண்டுகள். கணவன் உயிரோடு இருக்கிறானா, தான் விதவையாகி இத்தா இருக்க வேண்டியவளா என்று தெரியாமலே பெண்கள் பிள்ளை வளர்த்தார்கள். நகை ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போனது. அங்கே ஆண்கள் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில் வியாபாரம் செய்து சேமித்தார்கள். 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. என் பாட்டிமாரிடம் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அதன் பிறகு வந்தது சட்டம். 1953 ஆகஸ்டு முதல் மலாயாவுக்குள் நுழைய அனுமதி இறுகியது. 1957-ல் மலாயா சுதந்திரம் பெற்றது; சிங்கப்பூரில் அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. நம் திருவாரூரில் பிறந்து, சிங்கப்பூரில் 1935-ல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி, தமிழர்கள் தயங்காமல் அந்த நாட்டுக் குடியுரிமை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் சொன்னதுதான் சரி என்று இன்று நினைக்கிறேன். ஆனால் ஊரில் மனைவியும் பள்ளிவாசலும் கபர்ஸ்தானும் இருக்கும்போது எப்படி எடுப்பது? என் அத்தா எடுக்கவில்லை, அவர் தம்பி எடுத்தார். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் கட்டாயமானது. குடியுரிமை இல்லாததைக் காட்டும் சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை, வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களோடு அத்தாவும் கடையை விட்டுத் திரும்பினார். ஒரே வீட்டு அண்ணன் தம்பி அன்றோடு இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். பர்மாவில் 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளை அரசுடைமையாக்கினார். சைகோன் 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் படையிடம் விழுந்தது. நம் ஆட்கள் பிழைக்கப் போயிருந்த குவைத்துக்குள் 1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக் படை புகுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் திரும்பினார்கள். அந்தச் சட்டங்களை எழுதியவர்களுக்கும் படையை நடத்தியவர்களுக்கும் கூத்தாநல்லூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் இங்கே கல்யாணம் தள்ளிப்போனது, படிப்பு நின்றது, பாதி கட்டிய வீடு அப்படியே நின்றது.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்கள் பலர். மலாய்ப் பெண்கள், வியட்நாம் பெண்கள். அந்தப் பிள்ளைகளும் நம் ரத்தம்தான். ஊர் அவர்களைப் பற்றி வாய் திறந்ததில்லை, அது அநியாயம்.

நீ கேட்ட கேள்விக்கு முழுப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பீரோக்களிலும் தகரப் பெட்டிகளிலும் இருக்கிறது: ரஜுலா டிக்கெட், சிவப்பு ஐசி, பெண்கள் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய கடிதங்கள். பழைய வீட்டை இடிக்கும்போது எல்லாமே பேப்பர்காரரிடம் போகிறது. நீ அந்தப் பள்ளியில் வயதானவர்களோடு உட்கார்ந்து பேசு. அவர்களுடைய பெரியவர்களின் பெயரையும் சொந்த ஊரையும் எழுதி வை. நோன்புப் பெருநாளைக்கு வரும்போது கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு வா, வீடு வீடாகப் போய்க் கேட்டுப் படம் எடுத்துவிடலாம். உன் அம்மாவிடம் இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்குவோம். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் தெருவில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். தாமதிக்காதே.

வஸ்ஸலாம்.
உன் மாமா