என் பங்கை யார் கட்டுகிறார்கள்?

பணம் கட்டாமல் ஆடுகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சின்ன மிதப்பு இருக்கிறது. ‘கென்ஷின் இம்பாக்ட்’ ஆடத் தொடங்கியதிலிருந்து அது எனக்கும் உண்டு. சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட விளையாட்டு இது. என் அக்கா மகன்தான் போனில் ஏற்றிக் கொடுத்தான். “காசு மட்டும் போட்டுடாதீங்க மாமா” என்பது அவன் சொன்ன முதல் விதி.

ஆரம்பத்தில் காசு போட என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மலை உச்சிக்கு ஏறிச் சிறகை விரித்துக் குதித்தால் கீழே ஏரி, காற்றாலை, கோட்டை நகரம். மோன்ட்ஸ்டாட் பகுதிக்கான இசையை லண்டன் பில்ஹார்மோனிக் குழு வாசித்திருக்கிறது. லியுயே பகுதிக்கு ஷாங்காய் சிம்பனி குழு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தச் சண்டைக்கும் போகாமல் லியுயேயின் கல்தூண் மலைகளுக்கு நடுவே சும்மா நடந்து திரிந்த மாலைகள் உண்டு. அதற்கு யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

கேட்கிற இடம் வேறு. புதுப் புது வீரர்கள் சில வாரங்களுக்கு மட்டும் ‘பேனரில்’ வந்து நிற்பார்கள். அவர்களை நேராக வாங்க முடியாது. குலுக்கலில் இழுக்க வேண்டும். இதுதான் காச்சா. ஒரு இழுப்புக்கு, ஆட்டத்துக்குள் புழங்கும் காசான ப்ரைமோஜெம் 160. ஐந்து நட்சத்திர வீரர் வர வாய்ப்பு 0.6 சதவீதம்.

சின்ன வயதில் பெட்டிக்கடை அட்டையில் சீட்டு கிழித்திருக்கிறோம். அங்கே சீட்டு தீரத் தீரப் பரிசு நெருங்கிவரும். 0.6 சதவீதத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், எத்தனை முறை தோற்றாலும் அடுத்த இழுப்புக்கும் அதே 0.6 தான். வேறு காப்பு இல்லாவிட்டால் தொண்ணூறு முறை இழுத்த பின்னும் நூற்றில் ஏறக்குறைய 58 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். அதனால்தான் ‘பிட்டி’ என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: தொண்ணூறாவது இழுப்புக்குள் ஐந்து நட்சத்திரம் ஒன்று நிச்சயம். ஆனால் அது நாம் கேட்டவராகத்தான் இருக்கும் என்பதில்லை. வேறொருவர் வந்துவிட்டால் அடுத்த முறை நிச்சயம் கேட்டவர். ஆக, மிக மோசமான கணக்கில் 180 இழுப்பு, 28,800 ப்ரைமோஜெம். அன்றாட வேலைகளை முடித்தால் கிடைப்பது ஒரு நாளைக்கு 60. அதை மட்டும் நம்பினால் 480 நாள். திருவிழாப் போட்டிகள், பெட்டிகள் என்று வேறு வரவும் உண்டு. இருந்தாலும் பொறுமையில்லாதவர் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பணம் போகும் பாதையும் நேரானதல்ல. ரூபாய் முதலில் ஜெனிசிஸ் கிரிஸ்டல் ஆகும், அது ப்ரைமோஜெம் ஆகும், அது இழுப்புச் சீட்டாகும். மூன்று கைமாறிய பிறகு ஓர் இழுப்புக்கு எவ்வளவு ரூபாய் என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் சொல்ல வராது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. 2025 ஜனவரியில் நிறுவனம் 2 கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் குலுக்கலை விற்காமலிருக்கவும் உடன்பட்டது.

சேர்த்து வைத்ததையெல்லாம் நானும் ஒருநாள் இழுத்தேன். வானத்தில் எரிநட்சத்திரம் கோடு கிழிக்கும். நீலம் என்றால் சாதாரணம், ஊதா என்றால் நடுத்தரம், பொன்னிறம் என்றால் ஐந்து நட்சத்திரம். பொன்னிறம் வந்தது. யார் என்று காட்டுவதற்கு முந்தைய அந்த இரண்டு மூச்சு நேரத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்ட விதம் எனக்கே கூச்சமாக இருந்தது. நான் கேட்டது ஜோங்லி; வந்தது ஜீன். ஏமாற்றம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. இன்னொரு தடவை இழுக்கலாமே என்ற நமைச்சல் போகவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஜோங்லி அல்ல, அந்த இரண்டு மூச்சு நேரம்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

அந்த நமைச்சல் எனக்குத் தூங்கி எழுந்தால் அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களும் இருக்கிறார்கள். லண்டன் குழுவுக்கும் ஷாங்காய் குழுவுக்கும் சம்பளம் அவர்கள் பையிலிருந்துதான் போகிறது. காசு நிறைய இருந்து விளையாட்டாய்ச் செலவழிப்பவரும் அதில் இருப்பார். கடன் வாங்கி இழுப்பவரும் இருப்பார். நான் இலவசமாய் நடந்து திரிந்த மலைகளுக்கு யாருடைய பணம் கட்டப்பட்டது என்று எனக்குத் தெரிய வழியில்லை. இலவசமாய் ஆடுவதை இத்தனை நாள் என் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். பாதி அது என் சுபாவத்தின் அதிர்ஷ்டம்.

ஆட்டத்தை விடவில்லை. அக்கா மகன் இப்போது சம்பாதிக்கிறான். போன மாதம், “இந்த பேனருக்கு மட்டும் கொஞ்சம் போடலாம்னு இருக்கேன் மாமா” என்றான். போடாதே என்று நான் சொல்லவில்லை. 180 இழுப்புக்கு எத்தனை ரூபாய் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு, “எத்தனையில நிறுத்துவே?” என்று கேட்டேன். அந்த எண்ணைப் பேனரைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பொன்னிறக் கோட்டைப் பார்த்த பிறகு சொல்கிற எண் நம்முடையதாக இருப்பதில்லை.