களையை உதறிப் பாருங்கள்

பிளாங்டன் எனும் மிதவை உயிர்களைப் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் நாளே படகு எப்போது கிளம்பும் என்று கேட்பார்கள். நடு ஏரிக்குப் போய் வலையை இழுத்தால்தான் வேலை செய்த திருப்தி. நடு ஏரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் பிரம்மபுத்திரா ஓரத்து ஏரிகளில் காலம் முழுக்கச் சேற்றில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நடுத் தண்ணீர் எண்ணிக்கையைத்தான் தரும். எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்பது கரையோரக் களைக்குள்தான் இருக்கிறது.

அசாமில் இந்த ஏரிகளைப் பீல் என்பார்கள். ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன பள்ளங்கள். குவாஹாட்டிக்குத் தென்மேற்கே உள்ள தீபோர் பீலும் பிரம்மபுத்திராவின் பழைய தடம்தான். 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மழைக்காலத்தில் ஆறு ஏறினால் பீல் விரிந்து கிடக்கும், குளிர்காலத்தில் சுருங்கிவிடும். ஆகாயத்தாமரை, அல்லி, வேலம்பாசி, முள் இலை மக்கானா என்று தண்ணீரைவிடச் செடிதான் கண்ணில் படும். புதிதாக வருகிறவர்களுக்கு அது இடைஞ்சல். படகைச் செடி இல்லாத பக்கம் விடச் சொல்வார்கள்.

எங்களுக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த சார் படகை நேரே செடிக்குள் விடச் சொல்வார். ஆகாயத்தாமரையைப் பிடுங்கித் தூக்கினால் வேரிலிருந்து வழியும் தண்ணீரோடு பாதி உயிர்கள் போய்விடும். அதனால் முதலில் வாளியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, செடிக்கு அடியில் மெல்லக் கொண்டுபோய், வேர்க்கொத்து வாளிக்குள் வந்த பிறகு கத்தரிப்பார். பிறகு வாளித் தண்ணீருக்குள்ளேயே வேரை உதறுவார், பிசைய மாட்டார். பிசைந்தால் வேர்த்தூளும் சேறும் கலந்து மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. உதறிய தண்ணீரைப் பெருங்கண் சல்லடையில் ஊற்றிக் குப்பையை நீக்கி, அதற்குப் பிறகுதான் 50 மைக்ரான் வலையில் வடிப்பார். பெரிய கண் வலை வேகமாக வடியும் என்று அதை எடுத்தால், ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குகளில் சிறியவை எல்லாம் கண்வழியே நழுவிவிடும்.

வலையைக் கழுவுவதிலும் ஒரு முறை உண்டு. வெளிப்பக்கத்திலிருந்துதான் தண்ணீரை அடிக்க வேண்டும். உள்ளே ஊற்றினால், ஊற்றுகிற தண்ணீரில் உள்ள உயிர்களும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு பீலில் போட்ட வலையை அடுத்த பீலில் போடுமுன் நன்றாகக் கழுவி, வெயிலில் மொறமொறவென்று காயவைக்க வேண்டும். துணி இழையில் ஒட்டிய ஒரே ஒரு விலங்கு போதும், இல்லாத ஊரில் இருப்பதாக அதற்கு ஒரு பதிவு விழுந்துவிடும்.

ஆற்றில் கதை வேறு. ஓடுகிற நீரில் இனம் பெருக அதிக அவகாசம் கிடையாது. வெதுவெதுப்பான நீரில் சில நாட்களிலேயே அடுத்த தலைமுறையைக் கண்டுவிடும் ரோட்டிஃபர்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். கோபிபாடு என்ற குட்டி ஓட்டுயிருக்கு நாப்ளியஸ் என்ற இளம் பருவமே ஆறு, அதற்கு மேலும் தோலுரிக்க வேண்டியிருக்கிறது. நின்ற நீர் இருந்தால்தான் அது முடியும். ஆகவே ஆற்றில் கிடைக்கும் பெரிய உயிர்களில் பல, பக்கத்துப் பீல் வடியும்போது வந்து சேர்ந்தவையே. மழைக்காலத்தில் ஆற்றில் வலை இழுத்தால் வண்டல் கண்களை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகாமல் வாய்வழியே புரண்டு வழியும். எங்களிடம் படித்த ஒருவர், வலைவாயின் பரப்பை இழுத்த தூரத்தால் பெருக்கிக் கணக்கு எழுதிக்கொண்டு வந்தார். சார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரை ஆற்றுக்குக் கூட்டிப்போய் வலைவாயைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பையன் வாளியால் அளந்து, அளந்து ஊற்றினார். கலங்கல் நீருக்கு வாளிதான் சரி.

மாதிரி பிடித்த பாட்டிலில் உடனே ஃபார்மலினை ஊற்றிவிடாதீர்கள். ஓடு இல்லாத ரோட்டிஃபர்கள் ஃபார்மலின் பட்டதும் சுருண்டு உருண்டையாகிவிடும். பிறகு யாராலும் பெயர் சொல்ல முடியாது. ஒரு பங்கை உயிரோடு வைத்திருந்து அன்று மாலையே பாருங்கள். மயக்குவதற்குக் கடையில் விற்கும் வெறும் சோடாவே போதும். கிளாடோசெரா என்ற நீர்த்தெள்ளுகளுக்கு 4 சதவீத ஃபார்மலினில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கரைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓடு ஊதிப்போய், முதுகுப்பையில் உள்ள முட்டைகள் வெளியே கொட்டிவிடும். முட்டை கொட்டிவிட்டால் அந்தக் கூட்டம் பெருகிக்கொண்டிருந்ததா, ஓய்ந்துகொண்டிருந்ததா என்று சொல்ல வழியில்லை. லேபிளைப் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள்.

இனி லெகானே. களைக்குள் அதிகம் கிடைக்கும் ரோட்டிஃபர் பேரினம் இதுதான். ஏறக்குறைய 100 மைக்ரான் நீளம், தட்டையான ஓடு, பின்னால் ஒன்றோ இரண்டோ விரல். எண்ணுவதற்கு வைத்திருக்கும் செட்ஜ்விக்-ராஃப்டர் அறை ஒரு மில்லிமீட்டர் ஆழம், அதில் பெரிய லென்ஸை இறக்க முடியாது. அதிலேயே பெயரும் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர்களை நான் நம்புவதில்லை. விலங்கை நுண்குழலால் உறிஞ்சி எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரினில் விட்டு, கவர்ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் கடுகளவு களிமெழுகு வைத்து மூடுங்கள். பிறகு ஊசிமுனையால் கவர்ஸ்லிப்பை மயிரிழை அளவு நகர்த்தினால் விலங்கு புரளும். முதுகுத் தகடு, வயிற்றுத் தகடு, இரண்டின் முன்விளிம்பும் ஒன்றையொன்று தாண்டுகிறதா, விரல்நுனியில் நகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரையுங்கள். புகைப்படம் போதாது, வரையும்போதுதான் கண் நிற்கிறது. 1995இல் வந்த செகெர்ஸின் லெகானே நூலும் 1978இல் வந்த கோஸ்ட்டேயின் படத்தொகுதியும் சார் மேசையில் எண்ணெய்க்கறை படிந்து கிடக்கும். படத்தைப் பார்த்து விலங்குக்குப் பெயர் தேடவிட மாட்டார். முதலில் நீ வரைந்ததைக் காட்டு என்பார்.

சில ரோட்டிஃபர் வகைகளில் தாடையைப் பார்க்காமல் தீராது. கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு துளி, எதிர் விளிம்பில் ஒட்டுத்தாள். திரவம் ஊர்ந்து போய் உடல் கரையும், தாடை மட்டும் மிஞ்சும். கரையும் நேரம் முழுக்க லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தத் துணுக்கை மறுபடி கண்டுபிடிப்பது அரிது.

ஒரு முறை ஒரு மாணவி ஒரே பாட்டிலில் பிராக்கியோனஸ் என்ற ரோட்டிஃபர் பேரினத்தில் இரண்டு இனங்களை எழுதியிருந்தார்; ஒன்றுக்குப் பின்பக்கம் நீண்ட முட்கள், மற்றதற்கு இல்லை. சார் அதே பாட்டிலிலிருந்து ஓர் ஆஸ்பிளாங்னாவை எடுத்துக் காட்டினார். பை மாதிரி தெளிந்த உடல், வயிற்றுக்குள் விழுங்கிய பிராக்கியோனஸ் ஓடு. அந்தக் கொலைகாரன் நீரில் விடும் ஒரு பொருளை உணர்ந்துதான் பிராக்கியோனஸ் காலிசிஃப்ளோரஸ் தாய்களின் பிள்ளைகள் முள்ளோடு பிறக்கின்றன என்று போஷாம் 1952இலேயே காட்டியிருக்கிறார். இனம் ஒன்றுதான். அந்த மாணவி பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு, ஓரத்தில் இரண்டு வடிவங்களையும் வரைந்து வைத்தார். அந்த ஓரப் படம் பட்டியலைவிட மதிப்புள்ளது.

கோபிபாடுகளுக்குப் பெயர் வைக்க ஐந்தாம் காலைப் பிரித்தாக வேண்டும். டயாப்டமஸ் வகை என்றால் ஆணின் வலது ஐந்தாம் கால். இறால் உரித்துப் பழகிய கைக்கு இது சீக்கிரம் வரும்: இடக்கை ஊசியால் உடலை அழுத்திப் பிடித்து, வலக்கை ஊசியால் பின்னாலிருந்து ஒவ்வொரு கணுவாகக் கழற்ற வேண்டும். முதல் மாதம் எல்லாம் சிதறும், சிதறட்டும்.

நகரக் கழிவு வந்து சேரும் மூலையில் நின்று ஒரு தடவையும், தெளிந்த களைப்பகுதியில் நின்று ஒரு தடவையும் மாதிரி எடுங்கள். கழிவு மூலையில் லிட்டருக்கு இத்தனை என்ற எண் கூடுதலாகவே இருக்கும். நாலைந்து பிராக்கியோனஸ் வகைகளே அதை நிரப்பிவிடும். களைப்பகுதியில் எண் குறைவு, ஆனால் ஸ்லைடுக்கு ஸ்லைடு புதிதாக ஒன்று வரும். மொத்த எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் எழுதினால், கெட்டுப்போன பீல் செழிப்பான பீலாகத் தெரியும். அப்படிப்பட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். கட்லா மீன்குஞ்சுக்கு வாயளவு இரை ரோட்டிஃபர்தான், பிறகு கிளாடோசெரா, பிறகு கோபிபாடு. இந்த வரிசையில் ஒரு படி அறுந்தால் பீலை நம்பிப் பிழைக்கும் மீனவரின் வலையில்தான் அது தெரியும்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வெள்ளம் வடிந்து நீர் தெளியும் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். ஊரிலேயே தொடங்குவதானாலும் சரிதான், அல்லி படர்ந்த ஏரி போதும். எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஸ்லைடு செய்து, விளிம்பை நகப்பூச்சால் அடைத்து, எந்தச் செடியின் வேரிலிருந்து, எந்த நாளில் எடுத்தது என்று எழுதி, ஏதாவது ஓர் அருங்காட்சியகத்திலோ கல்லூரியிலோ சேர்த்துவிடுங்கள். ஸ்லைடு இல்லாத பெயரைத் தயவுசெய்து பட்டியலில் ஏற்றாதீர்கள்.