கழற்றும் முன் சோதனை

சென்னை ரிச்சி தெருவில் பிசி அசெம்பிள் செய்தே தலை நரைத்த ஒருவருக்கு இப்போது ஆகாத பொருள், பாட்டில்நெக் கால்குலேட்டர். ப்ராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் தட்டினால் ஏதோ ஒரு சதவீதம் வந்து விழும். பையன்கள் அதை மொபைலில் நீட்டி, "அண்ணா, ப்ராசஸர் மாத்திடலாமா?" என்கிறார்கள்.

அவர் மதிப்பில் இன்டெலின் ஐ5-2500கே-க்குத் தனி இடம். 2011 ஜனவரியில் வந்தது. நாலு கோர், நாலு த்ரெட், 3.3 கிகாஹெர்ட்ஸ். நல்ல ஏர் கூலர் இருந்தால் 4.5 வரைகூட ஏற்றலாம். மேல் மூடியை சிப்போடு சால்டர் வைத்தே சேர்த்திருந்தார்கள். அடுத்து வந்த ஐவி பிரிட்ஜில் அந்த இடத்தில் வெறும் பேஸ்ட். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

2500கே-யைச் சாய்த்தது த்ரெட் பற்றாக்குறை. வாட்ச் டாக்ஸ் 2, பேட்டில்ஃபீல்டு 1 என்று 2016-இல் வந்த கேம்களில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. திரை மூலையில் 60 எஃப்பிஎஸ் காட்டும். காரோ திக்கித் திக்கிப் போகும். சராசரியைப் பார்த்தால் பிடிபடாது, ஃப்ரேம் டைம் கிராஃபைத் திறக்க வேண்டும். 16.7 மில்லி செகண்டில் நேராக ஓட வேண்டிய கோடு நடுநடுவே 50, 60-க்குத் துள்ளும். அப்போது நாலு த்ரெட்டும் 100 சதவீதத்தில் திணற, கார்டு பாதி சும்மா இருக்கும். அப்போதும் அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடமாட்டார். ரெசலூஷனை 720-க்கு இறக்குவார். எஃப்பிஎஸ் ஏறினால் குறை கார்டில். அசையாமல் நின்றால்தான் ப்ராசஸர் மேல் சந்தேகம். பிறகும் ராம் ஒற்றை ஸ்டிக்கா, பேஸ்ட் காய்ந்து சூட்டில் வேகம் இறங்குகிறதா, பின்னால் பிரவுசர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே தீர்ப்பு. இவ்வளவுக்கும் இன்றைய கடைகளில் யாருக்குப் பொறுமை!

2500கே-யோடு கூடவே வந்த ஐ7-2600கே-க்கும் நாலு கோர்தான், த்ரெட் மட்டும் எட்டு. கேமுக்கு அது வீண் செலவு என்பதே அன்றைய பரவலான பேச்சு. கடைசியில் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது அதுதான்.

சைபர்பங்க் 2077, 2020-இல் வெளியானபோது குறைந்தபட்சம் ஐ5-3570கே போதும் என்றது. 2023-இல் அதே கேம் ஐ7-6700 கேட்டது. கேம் வளர்ந்தது, நியாயம் என்கிறார். வயிற்றெரிச்சல் எல்லாம் ஐ7-7700கே விஷயத்தில்தான். 2017 ஜனவரியில் வந்த அந்தச் சிப் இன்றும் பல கேம்களைத் தாராளமாக ஓட்டும். ஆனால் விண்டோஸ் 11-இன் இன்டெல் பட்டியல், ஒன்றிரண்டு விலக்கு போக, எட்டாம் தலைமுறையில் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்தது.

ஏஎம்டி இதில் கொஞ்சம் தாராளம். 2017-இல் வாங்கிய பல ஏஎம்4 போர்டுகளில் 2022-இன் ரைசன் 7 5800எக்ஸ்3டி உட்காரும், பயாஸை அப்டேட் செய்தால். அதைப் பழைய ப்ராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போதே முடித்துவிடுவதுதான் முறை. பையன்கள் நேரே புதுசை மாட்டிவிட்டு, "டிஸ்ப்ளே வரல, போர்டு போச்சுண்ணா" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பழைய சிப் எங்கே தம்பி என்று கேட்டால், நேற்றே விற்றாகிவிட்டதாம்.