கப்பலின் பின்னால் நடந்த நகரம்

குவாங்சோ நகரத்தில் கடல் கிடையாது. கென்டன் வர்த்தகச் சந்தைக்கு முதல் தடவை வரும் நம் ஊர் வியாபாரிகளுக்கு இது பெரிய ஏமாற்றம். “துறைமுகம் எண்டுதானே சொன்ன நீ, கடல் எங்க தம்பி?” என்று சாய்ந்தமருதுக் காக்கா ஒருவர் ஹோட்டல் ஜன்னல் திரையை விலக்கிவிட்டுக் கேட்டார். வீட்டிலிருந்து கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடும் என்று பழகிய கல்முனைக் கரை ஆள் அவர். “தெற்கால அறுபது கிலோமீற்றர் போகணும் காக்கா. போனாலும் ஆத்து முகத்துவாரந்தான்” என்றேன்.

முத்து ஆற்றின் அந்த முகத்துவாரத்தில்தான் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று நிற்கிறது. இருபது அடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேற்பட்ட கொள்கலன்கள் அதன் வழியே போய் வருகின்றன. 2020 கணக்கெடுப்பின்படி நகரத்தின் சனத்தொகை 1 கோடி 86 இலட்சத்துக்கு மேல். நான் மருதமுனை நெசவுக் குடும்பத்தவன். புறக்கோட்டைக் கடைகளுக்கு இங்கிருந்து துணி எடுத்து அனுப்புவது என் பிழைப்பு. பல வருடங்கள் இங்கே இருந்தபின் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: கப்பல் நெருங்க முடியாதபடி ஆறு சேறு கொட்டியபோதெல்லாம், இந்த நகரம் கப்பலைத் தேடித் தன் துறையை நகர்த்தியிருக்கிறது.

பழைய நகரத்தின் நடுவில் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் மினாரா 36 மீற்றர் உயரம், மேலே குறுகிச் செல்லும் வழுவழுப்பான வெள்ளைத் தூண். அரபிகளும் பாரசீகர்களும் இங்கே குடியிருந்து வணிகம் செய்த காலத்தில் அதன் உச்சியில் விளக்கேற்றி ஆற்றில் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள் என்பது மரபு. இன்று அதன் அடியில் நின்றால் ஆறு கண்ணில் படாது. கரை தெற்கே போய்விட்டது. மினாராவைச் சுற்றிக் கடைத் தெருவும் மாடி வீடுகளும்தான்.

ஆற்றின் கீழ்ப்பக்கம் ஹுவாங்பூவில் தென்கடல் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. 594இல் நிறுவப்பட்டது. கடலேறும் முன் மாலுமிகள் வணங்கிப் போன இடம். கோயிலின் முன்னால் மிங், சிங் காலத்துக் கற்படித்துறைகளைத் தோண்டியெடுத்து வைத்திருக்கிறார்கள். படிகள் இருக்கின்றன, தண்ணீர் தள்ளிப் போய்விட்டது. உள்ளே ஒரு சிலை, நெற்றியில் கைவைத்துக் கடலைப் பார்க்கும் வெளிநாட்டவர். இந்தியப் பக்கமிருந்து வந்த தூதர், பலாக் கன்று நட்டுக்கொண்டு நின்றதில் கப்பலைத் தவறவிட்டார், பார்த்துப் பார்த்தே இறந்துபோனார் என்பது கதை. சீன அங்கி போர்த்தி அவரையும் தெய்வமாக்கிவிட்டார்கள். ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது.

1757 முதல் 1842 வரை மேற்கத்தியர் சீனாவோடு கடல் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே துறை குவாங்சோ. அப்போதே பெரிய கப்பல்கள் நகரம் வரை வரவில்லை. ஹுவாங்பூவில் நங்கூரமிட்டு, தேயிலையையும் பட்டையும் சிறு படகுகளில் ஏற்றி இறக்கினார்கள். பிறகு கப்பல்கள் இன்னும் பெருத்தன. 2004இல் முகத்துவாரத்திலேயே நான்ஷா துறை திறக்கப்பட்டது. அங்கேயும் சேறு ஓயவில்லை, தோண்டும் கப்பல்களும் ஓயவில்லை.

ஆழத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, ஏற்றுவதற்குச் சரக்கு வேண்டும். அதைப் பார்க்க ஹைஜூ பகுதியின் சொங்தா துணிச் சந்தைக்கு வர வேண்டும். ஆயிரக்கணக்கான கடைகள், துணிச் சுருள்களைக் கோபுரமாக அடுக்கிப் பாயும் மின்சார வண்டிகள். பக்கத்துக் காங்லே கிராமத்தின் சந்துகளில் தையல் பட்டறைகள். விடியலில் முதலாளிமார் மாதிரிச் சட்டையைக் கையில் பிடித்தபடி தெருவோரம் நிற்பார்கள். தையல்காரர்கள் அதைப் புரட்டித் தையலைப் பார்த்து, ஒரு உருப்படிக்கு என்ன கூலி என்று பேரம் பேசுவார்கள். பெரும்பாலும் ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். இங்கிருந்து போகும் துணியின் விலையோடு மருதமுனைக் கைத்தறிச் சாரன் போட்டி போட முடியாது. அது எனக்கும் தெரியும், என் வாப்பாவுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் நான் ஜும்ஆவுக்குப் போவது அபீ வக்காஸ் கப்ரடிப் பள்ளிக்கு. நபித்தோழர் சஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) இங்கே அடங்கியிருப்பதாக உள்ளூர் முஸ்லிம்களின் நம்பிக்கை, அவர் மதீனாவில் அடக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தொழுகைக்கு வருபவர்களில் ஆபிரிக்கர், அரபிகள், பாகிஸ்தானியர், உய்குர், ஹுய் எல்லோரும் உண்டு. மரத்தடியில் பாய் விரித்துத் தொழுவோம். வெளியே ஆட்டிறைச்சியும் ரொட்டியும் சுடும் புகை. “ஹலாலா சாப்பிடுறியா மனே?” என்று உம்மா போனில் கேட்பது நின்று வெகுகாலம். சிங்ஹாய், கான்சு பக்கத்து ஹுய் முஸ்லிம்களின் நூடில்ஸ் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறதென்று அவவுக்கு இப்போது மனப்பாடம்.

இந்த நகரத்தில் நின்று பார்க்கும்போதுதான் எனக்கு ஒலுவில் துறைமுகத்தின் கதை விளங்குகிறது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்தபோது அம்பாரைக் கரைக்குக் கண்ட கனவு அது. 2000இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் போய்விட்டார். டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்ட துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. நம் கிழக்குக் கரையில் மணல் கரையோரமாக நடந்துகொண்டேயிருக்கும். மாயவலை இழுக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். கல்லணை குறுக்கே வந்ததும் அந்த மணல் துறைமுக வாயில் சேர்ந்தது. வரவேண்டிய மணல் வராத பக்கத்தில், ஒலுவிலிலும் நிந்தவூரிலும், தென்னந்தோப்புகள் கடலுக்குப் போயின. சரக்குக் கப்பல்கள் வரவில்லை. பிறகு மீன்பிடிப் படகுகளுக்கும் வாய் அடைபட்டது. மணலைத் தோண்டு என்று படகுக்காரர்கள் கேட்க, தோண்டினால் எங்கள் காணி போகும் என்று கரையில் இருப்பவர்கள் தடுத்தார்கள். இரண்டு பக்கமும் நம் ஆட்களே.

ஊரில் சிலர் இதைச் சதி என்கிறார்கள், சிலர் விதி என்கிறார்கள். எனக்குக் கணக்காகத்தான் படுகிறது. முத்து ஆறும் மணலும் சேறும் கொண்டுவருகிறது, ஆனால் அதை அள்ளும் செலவைச் சுமக்க இங்கே சரக்கு இருக்கிறது. ஒலுவிலில் கல்லும் கொங்கிரீட்டும் முதலில் வந்தன. பின்னால் வரவேண்டிய சரக்கை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அம்பாரையில் நெல் விளைகிறது, மீன் படுகிறது, மருதமுனையில் தறி இன்னும் ஓடுகிறது. ஆனால் இவையெல்லாம் லொறியில் கொழும்புக்குப் போகின்றன.

அடுத்த திட்டத்தோடு மேடையேறும் எவரிடமும் நம் ஆட்கள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். வருடா வருடம் மணல் அள்ளும் காசு எந்தக் கணக்கிலிருந்து வரும்? அள்ளிய மணலை அரிக்கப்படும் கரைக்கே கொண்டுபோய்ப் போடுவீர்களா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால், ஒலுவில் வெறும் மீன்பிடித் துறைமுகமாக இருந்தாலும் போதும். குவாங்சோவாக வேண்டியதில்லை. படகு போய்வந்தால் சரி.