வண்டி ஏன் இழுக்கவில்லை?

காரைக்குடிக்கு வடகிழக்கே கண்டனூர், புதுவயல், சாக்கோட்டை என்று நெருங்கிக் கிடக்கும் ஊர்களின் பிழைப்பில் பாதி லாரிச் சக்கரத்தில்தான் ஓடுகிறது. புதுவயல் அரிசி ஆலைகளுக்குத் தஞ்சைப் பக்கத்து நெல் வருகிறது; அரிசியும் தவிடும் வெளியூர் போகின்றன. புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கத்துத் தைலமரம், எம்.சாண்ட், செங்கல் என்று மற்ற பாரங்களும் இந்தச் சாலைகளில்தான் போகின்றன. இவ்வளவு வண்டிகள் ஓடும் இடத்தில் சாலையோரப் பட்டறைகள் இருந்தே தீரும். ஒரு வெல்டிங் மிஷின், இரண்டு கேஸ் சிலிண்டர், ஒரு கிரைண்டர், தகரக் கூரை: பெரும்பாலான பட்டறைகளின் முதலீடு அவ்வளவுதான். அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்றைப் பார்க்கவே சாக்கோட்டைப் பக்கம் போனேன். லாரியின் சைலன்சரை அறுத்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர்க்குழாய் வைக்கும் வேலை அது. செய்பவர்கள் சொல்வதையும் செய்யச் சொல்பவர்கள் சொல்வதையும் கேட்டு, அதை இன்ஜினின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு முடிவு உறுதிப்பட்டது. "வண்டி இழுக்கல" என்ற ஓட்டுநரின் குறை பெரும்பாலும் உண்மை. அதற்குச் செய்யப்படும் வைத்தியம் தவறு. அந்தத் தவறால் முதலில் நஷ்டப்படுகிறவர் வெல்டர்.

வேலையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் இருக்கும் திறமையை அறியாமல் பேசுவது நியாயமில்லை. பிளாஞ்ச் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருக்கும். கேஸ் கட்டரின் சுடரில் பழுக்கக் காய்ச்சித் தட்டினால்தான் அசையும், பல நேரம் முறியும். சைலன்சர் டிரம்மை இறக்க இரண்டு ஆள் வேண்டும். பிறகு அளவு. ஒரு கம்பியை வளைத்து, இன்ஜினிலிருந்து குழாய் போக வேண்டிய பாதையை வண்டிக்கு அடியில் படுத்தபடியே அச்செடுக்கிறார்கள். குழாயை வளைக்கும் மிஷின் இல்லாத பட்டறையில் வளைவு என்பது சாய்த்து அறுத்த துண்டுகளை ஒட்டி உண்டாக்குவது. எந்தச் சாய்வில் அறுத்தால் எத்தனை துண்டில் திரும்பும் என்பது கண்ணிலேயே இருக்கிறது. புள்ளிபுள்ளியாக டாக் வெல்டிங் வைத்து, தூக்கிப் பொருத்தி, டீசல் லைனும் ஏர் லைனும் எட்ட இருக்கின்றனவா என்று பார்த்து, இறக்கி முழுதாக வெல்டிங் செய்து, மறுபடி ஏற்றுகிறார்கள். எரிபொருள் லைனுக்கும் புகைக் குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மில்லிமீட்டர் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நல்ல வெல்டர் அந்த எண்ணைப் படித்திருக்க மாட்டார், ஆனால் அதைவிடக் கூடுதலாகவே விடுகிறார். இன்ஜினின் அதிர்வைத் தாங்கும் பெல்லோஸை எடுத்துவிட்டால் அடுத்த மாதமே வெல்டிங் விரிசல் விடும் என்பதும் அவருக்குத் தெரியும். கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, குழாயின் வாயில் ஈரச் சாக்கை அழுத்தி, எந்த இணைப்பில் புகை கசிகிறது என்று தேடுகிறார். அந்த நேரத்தில் அவர் காதுக்கும் திறந்த குழாய்க்கும் இடையே இருப்பது ஒரு கை தூரம்.

இவ்வளவு உழைப்பும் எதற்காக என்றால், சைலன்சர் இன்ஜினின் மூச்சைப் பிடிக்கிறது, அதை எடுத்தால் இழுவையும் மைலேஜும் கூடும் என்ற நம்பிக்கைக்காக. இந்த நம்பிக்கை வெறும் கற்பனை அல்ல. பிஸ்டன் எரிந்த புகையை வெளியே தள்ளும்போது எதிரே இருக்கும் அழுத்தத்தை மீறித்தான் தள்ள வேண்டும். அதற்குச் செலவாகும் சக்தி சக்கரத்துக்குப் போகாது. கேள்வி எவ்வளவு என்பதுதான். இன்றைய டர்போ டீசல் லாரி இன்ஜின் முழுப் பாரத்தில் ஓடும்போது பிஸ்டன் மீது பயனுள்ள சராசரி அழுத்தமாக ஏறத்தாழ 15 பார் அல்லது அதற்கு மேல் கிடைக்கிறது. நல்ல நிலையிலுள்ள சைலன்சர் உண்டாக்கும் எதிரழுத்தம் 0.1 பார் அளவுக்குள் அடங்கும். அதை முழுக்க நீக்கினாலும் மிச்சமாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. டர்போ இல்லாத பழைய டாடா 697 போன்ற இன்ஜினில் சராசரி அழுத்தம் ஏறக்குறைய பாதிதான், ஆகவே லாபம் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டலாம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டியில் ஒரு சதவீதம் என்பது 40 மீட்டர். டயரில் காற்று குறைந்தாலே இதைவிட அதிகம் போய்விடும். டர்போ இன்ஜினில் குழாய் திறந்தால் டர்பைன் கொஞ்சம் சீக்கிரம் வேகமெடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை ஓட்டுநரின் கால் உணரவும் கூடும். ஆனால் மைலேஜில் மிச்சம் பிடிக்க அதிலும் அதிகம் இல்லை.

அப்படியானால் நேர்க்குழாய் வைத்த பிறகு வண்டி நன்றாக இழுக்கிறது என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா? பொய்யில்லை. இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, சைலன்சரை எடுக்கும் அன்றைக்கே பெரும்பாலும் வேறு வேலைகளும் நடக்கின்றன. ஏர் ஃபில்டர் மாறுகிறது. பழைய வண்டியானால் டீசல் பம்பைக் கூட்டி வைக்கிறார்கள். கூடுதல் டீசல் எரிந்து வந்த இழுவையின் பெயர் குழாய்க்குப் போய்விடுகிறது. இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. கழட்டப்பட்ட சைலன்சர் நல்ல சைலன்சராக இருந்திருக்காது. இன்ஜின் ஆயில் எரிந்து, இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காமல், ஆண்டுக்கணக்கில் கரி படிந்த டிரம் அது. உள்ளே துருப்பிடித்து உடைந்த தடுப்புத் தகடு சரிந்து வழியை மறித்திருந்தால் எதிரழுத்தம் மூன்று நான்கு மடங்காக ஏறும். அப்போது வண்டி உண்மையிலேயே மூச்சு முட்டுகிறது. அதைக் கழட்டினால் தெம்பு வருவது இயல்பு. புதிய சைலன்சரை மாட்டியிருந்தாலும் அதே தெம்புதான் வந்திருக்கும். அடைப்பை எடுத்ததற்குக் கிடைத்த பலனைச் சைலன்சரை எடுத்ததற்குக் கிடைத்த பலனாக எழுதிக்கொள்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். டர்போவுக்குப் பின்னால், சைலன்சருக்கு முன்னால் குழாயில் ஒரு சிறு துளை போட்டு நட் பற்றவைத்து, ஒரு நீளச் செம்புக் குழாயைப் பொருத்தி, அதன் முனையில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் வளைத்து மாட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்றினால் போதும். முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால் எதிரழுத்தம் 0.1 பார். அதற்குள் இருந்தால் சைலன்சரின் மேல் குற்றமில்லை. பம்பையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். தண்ணீர் குழாயை விட்டு வெளியே பாய்ந்தால் சைலன்சர் அடைத்திருக்கிறது. நான் கேட்ட பட்டறைகளில் யாரும் இப்படி அளப்பதில்லை. அளக்காமலே அறுப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

சத்தத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே சிறு மாற்றம் என்று எதுவும் இல்லை. 150 கிலோவாட்டுக்கு மேல் திறனுள்ள சரக்கு லாரி முடுக்கத்தோடு கடந்துபோகும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவில் புதிய வண்டிகளுக்கான வரம்பு. நேர்க்குழாய் இதை 10 டெசிபலும் அதற்கு மேலும் உயர்த்தக்கூடியது. டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழில் சுகாதாரத்தில் பலரும் ஏற்ற கணக்கு. அதன்படி 95 டெசிபலில் கிடைப்பது 47 நிமிடம். இதை முதலில் வாங்குபவர் ஓட்டுநர். புகை இடப்பக்கமோ தரையை நோக்கியோ போகக்கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும் என்பது விதி. அது நடைபாதையில் நிற்பவரைக் காப்பதற்காக வந்தது. குழாயைக் குட்டையாக அறுத்து வலப்பக்கம் திருப்பிவிட்டால் நம் நாட்டில் அது ஓட்டுநரின் சன்னலுக்குக் கீழே வாய் திறக்கிறது. ஏ.சி. இல்லாத கேபினில் சன்னலைத் திறந்து வைத்து இரவெல்லாம் ஓட்டுகிறவரின் வலக்காதுக்கு அந்தச் சத்தமும் நுரையீரலுக்கு அந்தப் புகையும் போகின்றன. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. அடுத்து ஊர்க்காரர்கள். செட்டிநாட்டு ஊர்களின் தெரு அமைப்பு சத்தத்துக்கு மிகவும் பாதகமானது. இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புச் சுவர்கள். மரமோ தோட்டமோ குறுக்கே இல்லை. ஒரு சுவரில் பட்ட ஒலி எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்புகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. பெரிய வீட்டின் ஒரு மூலையில் தனியாக இருக்கும் வயதானவர்கள் நிறைந்த ஊர்களில் இந்த வரம்பை மீறுவது சின்ன விஷயமில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது பணம். கம்பெனி சைலன்சரின் விலையில் சில அடிக் குழாய் பல தடவை வாங்கலாம். ஒற்றை லாரி வைத்துத் தவணை கட்டும் முதலாளிக்கு அது பெரிய வித்தியாசம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது குழாயையும் கம்பெனி சைலன்சரையும் அல்ல. குழாயையும் பழுதுபார்த்த சைலன்சரையும்தான். டிரம்மின் முகப்பை அறுத்துத் திறந்து, கரியைச் சுரண்டி, உடைந்த தகட்டை மாற்றி, துளையிட்ட உள்குழாயைப் புதிதாக வைத்து மூடுவது சாக்கோட்டைப் பட்டறைகளின் கைக்கு எட்டாத வேலையே இல்லை. தவிர, வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாயும், ஒலி, புகை வரம்பை மீறுவதற்கு 10,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு; சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. வண்டிக்கு எட்டு ஆண்டு ஆன பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்ட வேண்டும். அதற்காகப் பழைய டிரம்மை மாட்டிக் கழட்டும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் குழாய் அவ்வளவு மலிவு இல்லை. வண்டி வருவது தூரத்திலேயே கேட்டால் ஆடுமாடும் ஆளும் விலகும் என்கிறார்கள். ஹார்ன் அதற்குத்தான் இருக்கிறது. தாழ்ந்த சுருதியில் எல்லாப் பக்கமும் பரவும் இன்ஜின் இரைச்சலில் வண்டி எந்தத் திசையில் வருகிறது என்று கண்டுபிடிப்பதே கடினம், பின்னால் வரும் வண்டியின் ஹார்ன் ஓட்டுநருக்கும் கேட்பதில்லை. அமெரிக்க லாரிகளில் நெடுங்குழாய் நிமிர்ந்து நிற்கிறதே என்பது இளைஞர்கள் வைக்கும் வாதம். அங்கும் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரிகளுக்கு 1970களிலிருந்து சத்த வரம்பு இருக்கிறது. இன்ஜின் பிரேக்கைப் போடாதே என்று பல அமெரிக்கச் சிற்றூர்கள் பலகை வைத்தபோது, அந்தப் பிரேக்கைத் தயாரித்த ஜேக்கப்ஸ் நிறுவனமே, இரைச்சலுக்குக் காரணம் சைலன்சர் இல்லாமல் ஓடும் வண்டிகள் என்று விளக்கம் சொல்ல நேர்ந்தது.

புதிய வண்டிகளில் விஷயம் இன்னும் தீவிரம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ். 6 புகைத்தர லாரியில் சைலன்சர் மாதிரித் தெரியும் பெட்டிக்குள் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசலால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் பாகமும் இருக்கின்றன. அதைக் கழட்டினால் சென்சார்கள் கண்டுபிடித்து இன்ஜினின் திறனைத் தானே குறைக்கும். அதை ஏமாற்றக் கணினியில் கைவைப்பவர்களும் உண்டு. நான் இங்கே கவலைப்படுவது வெல்டரைப் பற்றி. அந்தப் பெட்டியைக் கிரைண்டரால் அறுக்கும்போது உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடும் அதைச் சுற்றிய நார்ப் பாயும் நுண்தூளாகப் பறக்கின்றன; சில வகைகளில் வனேடியமும் உண்டு. வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டு இதைச் செய்வது ஆபத்து. சாதாரண வண்டியிலும், கையில் கிடைத்த, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை கிளம்பி அன்றிரவே குளிர்காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் பலமாக இருக்கிறது. பால் அதைத் தடுப்பதில்லை. குழாயின் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, காற்றோட்டத்தில், தகுந்த முகமூடியோடு பற்றவைப்பதுதான் தடுக்கும்.

முதலில் நஷ்டப்படுகிறவர் வெல்டர் என்று சொன்னதற்கு உடம்பு மட்டும் காரணமில்லை. நேர்க்குழாய் ஒருமுறை வைத்தால் முடிந்தது. சைலன்சரோ சில ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யப்பட வேண்டியது. சட்டம் இறுகினால் நின்றுபோகும் வேலை முந்தையது. எந்தச் சட்டம் வந்தாலும் தொடர்வது பிந்தையது. டிரம்மைத் திறந்து சரிசெய்வதற்கு நேரமும் நிதானமும் அதிகம் வேண்டும், ஆகவே கூலியும் அதிகம் கேட்கலாம். இதற்குத் தேவையானவை மூன்று: எதிரழுத்தத்தை அளக்கும் பழக்கம், எந்த இன்ஜினுக்கு எவ்வளவு கொள்ளளவுள்ள டிரம், எத்தனை துளையுள்ள உள்குழாய் என்ற அட்டவணை, முடித்தபின் சத்தத்தை அளந்து காட்டும் ஒரு மீட்டர். காரைக்குடியில் 1952இல் தொடங்கிய அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் இயந்திரப் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டுச் செயல்திட்டமாக இந்த அட்டவணையைத் தயாரித்து, புதுவயல் நெல் லாரிகளிலேயே சோதித்து, பட்டறைச் சுவரில் ஒட்டும்படி தமிழில் கொடுக்கலாம். ஆலை முதலாளிகள் தங்கள் வாசலுக்கு வரும் வண்டிக்குச் சைலன்சர் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தால், அடுத்த அறுவடைக்குள் டிரம் திறக்கத் தெரிந்த வெல்டரைத் தேடி லாரிகள் வரத் தொடங்கும்.