சுகமென்று சொன்னேன்

எங்கள் தெருப் பையனொருவன் சென்ற மாதம் லண்டனுக்குப் படிக்கப் போனான். புறப்படுவதற்கு முந்திய வாரம் வீட்டுக்கு வந்து, "சேர், புத்தக இங்கிலீசு வேணாம். அங்கத்தய சனம் பேசுறதக் கொஞ்சம் எழுதித் தாங்க" என்றான். மருதமுனையில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனிடம் இப்படிக் கேட்டால் மறுப்பேனா? நான்கு தாள் எழுதினேன்.

முதலில் "யூ ஓல்ரைட்?" இது சுகம் விசாரிப்பதல்ல, வெறும் முகமன். 2007 நவம்பரில் நான் ஈஸ்ட்ஹாமில் போய் இறங்கிய மறுநாள் கடையில் நின்ற பெண் இப்படிக் கேட்டாள். பயணக் களைப்பு, முழங்கால் வலி, சீனி வருத்தம் எல்லாவற்றையும் ஒழுங்காக விபரித்தேன். பின்னால் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். "யெஸ், தாங்க்ஸ். யூ?" என்றிருந்தால் போதும்.

"சியர்ஸ்" என்பது மதுக்கிண்ணத்தை உயர்த்திச் சொல்லும் சொல் என்றே வகுப்பில் சொல்லியிருந்தேன். கதவைப் பிடித்து வழிவிட்டதற்கு ஒரு வாலிபன் என்னைப் பார்த்து அதைச் சொன்னபோது வாய்க்குள் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டேன். பாவம், அவன் நன்றிதான் சொல்லியிருக்கிறான். "ஹாஃப் செவன்" ஏழரை மணி. நான் அதை ஆறரையென்று எடுத்துக் குளிரில் ஒரு மணித்தியாலம் நின்றேன். பாதாள ரயில் மேடைகளில் 1960களின் கடைசியிலிருந்து ஒலிக்கும் "மைண்ட் த கெப்" பற்றியும் எழுதினேன். 'மைண்ட்' என்றால் மனம் என்று கரும்பலகையில் எழுதியவனுக்கு, அங்கே அது 'காலைப் பார்த்து வை' என்றிருந்தது.

நான்காவது தாளில் பேனை நின்றது.

நான் லண்டன் போனது ஊர் பார்க்கவல்ல. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். மச்சி சின்னப் பிள்ளைகளோடு வீட்டில். அவளுக்கு ஆங்கிலம் போதாது. டொக்டர்மாருடன் பேசுவதற்காகத்தான் குடும்பம் என்னை அனுப்பியது. முதல் நாளே ஒரு நேர்ஸ், "வுட் யூ லைக் என் இன்டர்ப்ரெட்டர்?" என்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்கிறாள். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்குக் காசும் இல்லை. எனக்கோ முகத்தில் அடித்தது போலிருந்தது. "நோ, தாங்க் யூ. ஐ ஆம் என் இங்கிலீஷ் டீச்சர்" என்றேன். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை.

பத்தாம் நாள் டொக்டர் என்னைத் தனியாக அழைத்துக் கதிரை தந்தார். மெதுவாகச் சொன்னார்: "ஐம் அஃப்ரெய்ட் வீ ஆர் நவ் லுக்கிங் அட் கீப்பிங் ஹிம் கம்ஃபட்டபிள்."

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. "ஐம் அஃப்ரெய்ட்" ரயில் ரத்தானாலும் சொல்வார்கள், கடையில் பாண் முடிந்தாலும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அதை ஒரு மரியாதைச் சொல்லாகவே எடுத்திருந்தேன். 'கம்ஃபட்டபிள்' எனக்குத் தெரியாததா? வசதியான, சௌகரியமான. அன்று தம்பியின் முகத்திலும் வலி தெரியவில்லை. வலியில்லாமல் வைத்திருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். இனி நோயைத் தீர்க்க முடியாது, நோவைத்தான் குறைக்கலாம் என்று அந்த மனிதர் சொன்னதை நான் கேட்கவேயில்லை. "தாங்க் யூ டொக்டர்" என்று கைகூடக் கொடுத்தேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் கடையில் இரண்டு பவுணுக்குக் கோலிங் கார்ட் வாங்கி, இலக்கத்தைச் சுரண்டி, ஊருக்கு எடுத்தேன். அங்கே லுஹர் நேரம். "உம்மா, தம்பிக்குச் சுகம்" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு நோயாளிக்குச் சுகம் என்றால் என்ன அர்த்தம்? உம்மா அன்றே நேர்ச்சைச் சோறு ஆக்கி அயலுக்கெல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறா.

மூன்றாம் நாள் ஸுபஹுக்கு முன் தம்பி மௌத்தானான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஹைனோல்ட்டிலுள்ள கார்டன்ஸ் ஒஃப் பீஸ் மையவாடியில் ஜனாஸாவை அடக்கினோம். ஊருக்குத் திரும்பி வந்தபோது உம்மா அழவுமில்லை, ஏசவுமில்லை. "சுகமெண்டு நீதானே மகன் சொன்ன" என்று ஒரே ஒரு தடவை கேட்டா. உம்மாவும் இப்போது இல்லை.

ஆகவே நான்காவது தாளில், ஆஸ்பத்திரியிலே 'கம்ஃபட்டபிள்' என்று சொன்னால் உடனே, "ஸொரி டொக்டர், டஸ் தட் மீன் ஹீ வில் நொட் கெட் பெட்டர்?" என்று திருப்பிக் கேட்கும்படி எழுதினேன். பையன் வாசித்துவிட்டுச் சிரித்தான். "கம்ஃபட்டபிள் தெரியும்தானே சேர். எட்டாம் வகுப்பில நீங்கதான் படிப்பிச்ச."

தாளைத் திரும்ப வாங்கினேன். அடியில் அந்த நேர்ஸின் கேள்வியை எழுதி, பக்கத்தில் பதிலையும் எழுதிக் கொடுத்தேன்: "யெஸ், ப்ளீஸ்."